செத்தவீட்டுக்கு வந்த கதிரைகள்

கோப்பாயில் உண்ணாவிரதப் பந்தலை விட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். போன வருடம், ஒரு பின்னேரம். பறிபோன காணிகளைத் திருப்பிக் கேட்டு ஒரு அண்ணை அங்கே தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருந்தார். அதைப் போனில் பிடித்துப் பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது வரும். ஆனால் பார்த்ததெல்லாம் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம். பந்தலில் பத்துப் பேர்கூட இல்லை. எனக்கு ஓரிடத்தில் இருந்து பழக்கமில்லை. கொடிகாமம் சந்தையில் மூட்டை தூக்கலாமென்று கிளம்பிவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் நடந்திருப்பேன், வழியில் அண்ணையின் வீடு. வாசலில் சனம். லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய, சனம் இருக்க வாடகைக்கு எடுத்த கதிரைகள். ஒருவர் செத்தவீட்டு வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் செத்தது?"

"உனக்குத் தெரியாதே? உண்ணாவிரதம் இருந்தவர் செத்துப்போனார். பேஸ்புக்கில போட்டிருக்கு."

"இப்பதான் அவரோடை கதைச்சுப்போட்டு வாறன்!"

"உவன் ஆரடா விசரன்?" என்று பின்னால் நின்ற ஒருவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

போனை நீட்டினார்கள். எங்கள் பேஸ்புக் பக்கத்தை வெளிநாட்டிலிருந்து நடத்துகிறவர், ஆட்களை உசுப்பிவிட ஒரு படம் போட்டிருந்தார். கறுப்பு வெள்ளையில் அண்ணையின் முகம், கீழே எரிகிற குத்துவிளக்கு, 'மண்ணுக்காகத் தன்னையே தந்தவர்.' எங்கள் ஊரில் அப்படிப் படம் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடியில் அனுதாபங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன.

அண்ணையின் மனைவி முற்றத்தில் இருந்தார். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணைக்கு அழைத்தேன், அவர் லைன் பிஸியாகவே இருந்தது. யாரோ ஒருவரின் சைக்கிளைப் பறித்தேன்.

"ஏறுங்கோ அக்கா, ஆளைக் காட்டுறன்."

என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார். என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பொய்யெண்டால் உன்னைக் கிணத்துக்கை தள்ளிப்போட்டுத்தான் மற்ற வேலை."

பந்தலில் அண்ணை தலையணையில் சாய்ந்தபடி போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஓம், நான்தான் கதைக்கிறன்! செத்தவன் போன் எடுப்பானே?"

அக்கா அவர் முன்னால் போய் நின்றார். "இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கோ?" என்று தொடங்கியவர் அப்படியே நிலத்தில் குந்தி விம்மினார். அண்ணை அவர் தலையில் கை வைத்தார்.

நேரலையைப் போட்டேன். அண்ணை சொன்னார்: "நான் சாகேல்லை. செத்தவீட்டுக்கு எடுத்த கதிரையளை இஞ்சை கொண்டுவாங்கோ. வாற சனத்துக்கு இருக்க இடமில்லை."

உண்மையாகவே கொண்டுவந்தார்கள். அழ வந்த சனம் முழுக்கச் சிரித்துக்கொண்டு பந்தலில் வந்து இருந்தது. நாங்கள் போட்ட எந்தப் பதிவுக்கும் அவ்வளவு சனம் வந்ததில்லை.

அடுத்த நாள் காலை அந்தக் கதிரைகளை வாடகைக்கு விட்டவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் செத்தவீடென்று கூப்பிட்டால், உள்ளே போய் ஒருமுறை செத்தவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் முதல் கதிரையை இறக்குகிறேன்.