கீழ் வரியின் சிவப்பு

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் எங்களில் யாருக்காவது மருத்துவச் சான்று காலாவதியானால், ஒப்பந்தக்காரரின் கம்ப்யூட்டரில் அவர் பெயர் தானாகச் சிவப்பாகும். சிவப்பானவருக்கு வேலை கிடையாது. புதுச் சான்று வாங்கிக் கொடுத்த பிறகும் ஒருநாள் காலை என் பெயர் சிவப்பாக இருந்தது. சான்றை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். முத்தையாபுரத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் கூட்டாளிதான் அங்கிருந்த பெண்ணிடம் எனக்காகச் சண்டை பிடித்தான்.

"ஏம்மா, பேப்பர கையில வச்சிருக்காம்லா. ஒம் பெட்டிக்குத்தான் சீக்கு. நல்லாப் பாரு."

அலுவலகப் பெண் என் தேதியை அழித்து மறுபடி அடித்தாள். சிவப்பு போகவில்லை. பிறகு நிறம் மாற்றும் விதியைத் திறந்து பார்த்தாள்.

"ரூல் ஒரு வரி தள்ளி நிக்கி அண்ணாச்சி. ஒவ்வொருத்தருக்கும் கீழ உள்ளவரு தேதியப் பாக்கு."

அவள் அதைச் சரிசெய்ததும் என் பெயரில் சிவப்பு மறைந்தது. பட்டியலில் எனக்குக் கீழே இருந்த கூட்டாளியின் பெயர் சிவந்தது.

"பிரஷர் கூடிக் கெடக்குலே. டாக்டர்ட்ட போனா வேலைக்கி ஆவாதுன்னு கழிச்சிருவாருன்னுதான் போவல" என்று என்னிடம் மெல்லச் சொன்னான்.

மேஸ்திரி அவனை வெளியே போகச் சொன்னார். நான் கப்பலுக்குப் போனேன்.

அந்த வாரமே டாக்டர் அவனைக் கழித்துவிட்டார். இப்போதும் தெருவில் பார்த்தால் அவன்தான் முதலில் பேசுகிறான். நான் தலையாட்டிவிட்டு நடக்கிறேன்.