க-வுக்குப் பதில் வீ

நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை. அந்த வகுப்பில் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் நான்தான். என் பெயர் ருக்மணி. பள்ளிக்கூட டீச்சர். சாமியாடுகிறவளையே "போதும், உட்கார்" என்று அதட்டி உட்கார வைத்தவள். பேய்க்கெல்லாம் பயப்படுகிற ரகம் இல்லை. 1943 நவம்பர் வரைக்கும்.

மலாக்கா, கஜா பெராங். கம்போங் செட்டி கிராமத்துக்குப் பின்னால் ஒரு பழைய பலகை வீடுதான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். கீழே வகுப்பு. மேலே உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் பரண். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தையே மாற்றிவிட்டான். எல்லாம் தோக்கியோ நேரம், நம் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால். 7.30-க்குப் பள்ளி என்றால் வெளியே இன்னும் விடிந்திருக்காது. தேங்காயெண்ணெய் விளக்கு வைத்துத்தான் பெயர் கூப்பிடுவேன்.

வரலாற்றுப் புத்தகங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். "வீட்டுல இருக்கற பழைய காகிதம் எதுவானாலும் எடுத்துட்டு வாங்க" என்றேன். கப்பல் சீட்டு வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, ஊர்க் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. எழுதினது யார்? எப்போது? யாருக்காக? பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். என்னைவிட நன்றாகத் துப்புத் துலக்கினார்கள்.

நவம்பர் 15, திங்கள். அஞ்சலை ஒரு சீட்டுக் கொண்டுவந்தாள். பதினொரு வயது, தாயில்லாத பெண். சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்தபோது அவள் அப்பாவுக்குக் கொடுத்த சீட்டு அது. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது. தினமும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பாள். "எங்கப்பா எப்ப டீச்சர் வருவாரு?"

சீட்டில் இருந்தது இவ்வளவுதான். க. மருதமுத்து, கஜா பெராங், 2603-4-12.

"எப்போது?" என்றேன்.

"ஜப்பான் வருஷம் 2603, ஏப்ரல் மாசம்."

"எழுதினது யாரு?"

முதல் பெஞ்சிலிருந்து நல்லையா சொன்னான். "பெரிய வாத்தியார் டீச்சர். அவருதான் புள்ளிக்குப் பதிலா குட்டி வட்டம் போடுவாரு."

உண்மைதான். தலைமையாசிரியர் கருணாகரனின் கையெழுத்து. ஆபீசிலிருந்து வரும் பெயர்களுக்குச் சீட்டு எழுதி ஆளை அனுப்பும் வேலையை ஜப்பான்காரன் அவரிடம் கொடுத்திருந்தான்.

"யாருக்காக?"

அஞ்சலை எழுந்தாள். "எங்கப்பா வீ. மருதமுத்து டீச்சர். தாத்தா பேரு வீரையன். அப்பாகூட 'இது என் எழுத்து இல்லையே'ன்னு கேட்டாரு. 'ஜப்பான்ல வீ-யை இப்படித்தான் எழுதுவாங்க'ன்னு பெரிய வாத்தியார் சொன்னாரு."

சீட்டை மறுபடி படித்தேன். கருணாகரனின் மகன் பெயரும் மருதமுத்து. க. மருதமுத்து. இருபது வயது. சிங்கப்பூரில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆபீசிலிருந்து வந்த பெயரை அவரால் மாற்ற முடியாது. ஆளை மாற்ற முடியும். மாற்றியிருக்கிறார்.

அஞ்சலையின் அப்பா ஜப்பான் சண்டைக்கு முன் ஒரே வாரம் என் மாலை வகுப்புக்கு வந்தவர். கற்றுக்கொண்டது ஒரே எழுத்து, வீ. அதிலும் மேல் சுழியை உள்பக்கமாகவே மடக்குவார். எத்தனை முறை கையைப் பிடித்துத் திருத்தினாலும் அப்படித்தான் வரும்.

விஷயம் காதுக்கு எட்டி, அன்று சாயங்காலமே கருணாகரன் வந்தார். சீட்டை வாங்கினார். விளக்கில் காட்டி எரித்தார்.

"எழுத்துப் பிழை. விட்டுடுங்க டீச்சர்."

விட்டுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என்னையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். பாவி, நீ விளங்குவியா என்று மனசுக்குள் சபித்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது.

செவ்வாய், 7.25. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கரும்பலகையில் ஓர் எழுத்து.

வீ.

சுழி உள்பக்கம் மடங்கியிருந்தது.

அஞ்சலையைக் கேட்டேன். "நான் இல்லை டீச்சர்" என்று அழுதாள். துடைத்துவிட்டேன். மேலே பரணில் ஏதோ நகர்ந்தது. "எலி" என்றார் கருணாகரன். ரொம்ப அவசரமாகச் சொன்னார்.

புதன், 7.25. பலகை சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று பதிவேட்டைத் திறந்தேன். என் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்து நான்காவது வரியில்... வீ. மையில் எழுதியிருந்தது. எங்களிடம் மை தீர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நான் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

விரலால் தொட்டேன். ஈரம்.

வியாழன், நவம்பர் 18. மழை இருட்டு. ஜப்பான் அதிகாரி ஒருவன் இரண்டு சிப்பாய்களோடு பள்ளியைப் பார்க்க வந்திருந்தான். பக்கத்தில் கருணாகரன் குனிந்து குனிந்து நின்றார். நான் பெயர் கூப்பிட்டேன். இருபத்து மூன்று "உள்ளேன் டீச்சர்." முடிந்தது. பதிவேட்டை மூடினேன்.

மணி 7.40.

"க. மருதமுத்து."

யார் கூப்பிட்டது... என் உதடு அசையவில்லை.

விளக்குச் சுடர் நிமிர்ந்து நின்றது.

மேலே... பரணில்...

"உள்ளேன் ஐயா."

கிரீச்.

அதிகாரி தலையை நிமிர்த்தினான்.

"எலி, எலி" என்றார் கருணாகரன்.

சிப்பாய்கள் ஏணி வைத்து ஏறினார்கள். கருணாகரனின் மகனை இறக்கிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் தாடி. ஏழு மாதம் வெயில் படாத உடம்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. தூக்கக் கலக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. அன்றைக்கே லாரி. பிறகு அவன் திரும்பவே இல்லை. அந்தப் பையன் மேல் எனக்கு இரக்கம் உண்டு. கருணாகரன் மேல் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மறுநாள் அவர் என் வாசலில் நின்றார். "நீதான் கூப்பிட்ட" என்றார்.

பிள்ளைகளைக் கேட்டேன். இருபத்து மூன்று பேரும் ஒரே பதில். "உங்க குரல்தான் டீச்சர்." அஞ்சலையும் அதையே சொன்னாள்.

நான் கூப்பிடவில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். ஆறாம் வகுப்பில் அவனுக்குப் பாடம் எடுத்தவள் நான். என் குரல் என்றால் "உள்ளேன் டீச்சர்" என்றல்லவா சொல்லியிருப்பான். ஐயா என்றானே. அப்படியானால் அவன் காதில் விழுந்தது யார் குரல்?

சண்டை முடிந்தது. 1946-இல் சயாமிலிருந்து பிழைத்து வந்த விநாயகம் என்பவர் அஞ்சலையைத் தேடி வந்தார். அவள் அப்பாவோடு ஒரே கொட்டகையில் கிடந்தவர். பரண் விஷயத்தை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"தெனம் காலையில பேர் கூப்புடுவாங்கம்மா. க. மருதமுத்துன்னு கூப்பிட்டா இவரு பதிலே சொல்ல மாட்டாரு. 'நான் வீ'ம்பாரு. தெனம் அடி. கடைசி நாளு காய்ச்சல், ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து நிறுத்துனோம்."

"எந்தத் தேதி?" என்றேன்.

"நவம்பர் பதினெட்டு. ஏழு நாப்பது இருக்கும்."

சயாமிலும் தோக்கியோ நேரம்தான்.

"க. மருதமுத்துன்னு கூப்பிட்டாங்க. இவரு சிரிச்சாரு. நான் பாத்ததே இல்லை அவரு சிரிச்சு. 'அவன் இங்க இல்லீங்க. பள்ளிக்கூடத்துப் பரண் மேல தூங்குறான். இருங்க... டீச்சரம்மா வாயால நான் கூப்புடுறேன்'னாரு. அதோட மூச்சு நின்னு போச்சு."