இருட்டறையில் பூரணி

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. என்னோடு அன்று இருந்த ஹலீமா பீ இன்றும் ஆம்பூரில்தான் இருக்கிறார். அவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

1978, கோடை விடுமுறை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், ஆம்பூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குச் சம்பளமில்லாமல் உதவிக்குப் போனேன். குழந்தைகள் வார்டின் கோடியில் ஓர் அறை. ஜன்னல்களில் கறுப்புத் துணி. பகலிலும் இருட்டு. அங்கேதான் பூரணி கிடந்தாள். ஆறு வயது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர் மகள். காலில் ஆணி குத்தி ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். தாடை பூட்டிக்கொண்டுவிட்டது. மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் பால்.

சின்னச் சத்தம் போதும், ஒரு விரல் பட்டால் போதும்... உடம்பு வில்லாக வளையும். மூச்சு நிற்கும். அதனால் பெற்றவர்களைக்கூட உள்ளே விடவில்லை. அப்பா கோதண்டபாணியும் அம்மா மீனாம்பாளும் வராந்தாவிலேயே கிடந்தார்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. முதல் நாளே வளையல்களைக் கழற்றிவிட்டேன்.

"பொழச்சிக்குமா, கண்ணு?" என்று மீனாம்பாள் தினமும் கேட்பார்.

ஒரு மத்தியானம். மணி மூன்று பத்து. பால் குழாயைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தேன். கட்டிலின் மறுபக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை.

அவள் பூரணியின் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். தொடாதீங்க என்று கத்த வேண்டும். ஆனால் கத்தவும் கூடாது... பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பூரணி வளையவில்லை. தூங்கினாள்.

அப்போதுதான் உறைத்தது. அத்தனை வளையல்... ஒரு சத்தம் இல்லை.

ஓடிப்போய், வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஹலீமா பீயை அழைத்து வந்தேன். யாருமில்லை.

மறுநாளும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாளும். பிறகு நான் யாரையும் கூப்பிடவில்லை. இசிவு குறைந்துகொண்டே வந்தது. அவள் வந்தால் குழந்தை பிழைக்குமென்றால், வரட்டும்.

ஒரு நாள் தாடை விட்டது. ஸ்பூனில் கஞ்சி கொடுத்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

உதடு அசைந்தது.

"அம்மி... பானி..."

பக்கத்தில் நின்ற ஹலீமா பீக்கு முகம் வெளுத்தது.

"அம்மாவக் கூப்புடுது. தண்ணி கேக்குது. எங்க பாஷைல."

"இவங்க வீட்ல யாருக்கும் உருது தெரியாதே."

பூரணி, அந்தப் பெண் உட்காரும் மறுபக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றோடு அந்தப் பெண் வருவது நின்றது.

பூரணி வீட்டுக்குப் போன பிறகுதான் ஹலீமா பீ வாய் திறந்தார். "போன வருஷம் இதே கட்டில், இதே நோவு. எங்க ஆளுங்கதான், தோல் டேனரில வேலை செய்றவரு பொண்ணு. அழுவாங்கன்னு அம்மாவ உள்ள விடல. பொண்ணு தனியாவே போய்ட்டா. அந்தம்மா மறுவாரமே கெணத்துல..."

தீபாவளி சமயத்தில் குடியாத்தம் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே பூரணி ஓடியாடிக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. பார்த்ததுமே மனசு நிறைந்தது.

மீனாம்பாள் காபி கொடுத்தார். குரல் தாழ்ந்தது.

"நல்லா துன்றா. நல்லா ஓடறா. என்னத்தான் அம்மான்னு கூப்புட மாட்டேன்றா."

கிளம்பினேன். பூரணி பின்னாலேயே வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

காதோரம், மெல்ல...

"அக்கா... பூரணி இன்னும் அந்த ரூம்லதான் இருக்காளா?"