படத்த விட்டுட்டுச் சத்தத்த அமுக்குனாங்க

ரோட்டு வளைவுல மண்ணு சரிஞ்சு கிழமைக் கணக்கா பஸ் ஓடாமக் கெடந்துச்சே, அதுக்குப் பின்னால வந்த திருவிழாவுலதான் எங்க தேயிலைத் தோட்டத்துல அந்தப் படத்தப் போட்டாங்க. பெரிய படம் இல்லைங்க. எங்க லயத்து வீட்டுப் பொடியங்க போன்ல புடிச்சது. எம் மருமக அதுல பேசியிருந்துச்சு. காலையில கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுனா பொழுது சாயிற வரைக்கும் பொம்பளைங்க ஒதுங்க எடமில்ல, ஒரு கக்கூசு கட்டிக் குடுங்கன்னு. அவ்வளவுதான்.

அது ஏற்கனவே எல்லார் போன்லயும் ஓடுனதுதான். கோயில் கமிட்டித் தலைவரு போன்லயும் ஓடுச்சு. போன்ல வெட்டுக்குத்துலருந்து என்னென்னமோ ஓடுது, யாரும் கேக்கல. திரை கட்டிப் போடப் போறோம், தோட்டத்த நடத்துற தொரையும் வாராருன்னதும் தலைவரு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு.

“அண்ணே, கக்கூசுப் பேச்ச சபையில போடலாமா? ஒங்க மருமகளுக்குத்தானே அசிங்கம்.”

அடுப்படியிலருந்து மருமக சத்தம் போட்டுச்சு. “தனியா பாத்தப்ப வராத அசிங்கம் சேந்து பாத்தா வந்துருமா? கேளுங்க மாமா அவருகிட்ட.”

நான் என்னத்தக் கேக்குறது. இது புதுசா? முந்தி, காலையில பேரு கூப்புடுற பெரட்டுக் களத்துல வேட்டியத் திரையாக் கட்டிப் படம் போடுவாங்க. மிஷின் பக்கத்துல, மலையில எங்கள வேலை வாங்குற கண்டாக்கையா நிப்பாரு. கட்டிப் புடிக்கிற கட்டம் வந்தா அவரு அசைய மாட்டாரு. படத்துல சனம் கூலி கேட்டுக் கொடி புடிச்சா மட்டும் கைய வச்சு வெளிச்சத்த மறைச்சுருவாரு. சத்தம் பாட்டுக்கு வரும். இருட்டுல ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்போம். சத்தம் கேக்குதுன்னு அவருகிட்ட யாரும் சொல்லல.

நம்ம தலைவரு அவர விடக் கெட்டிக்காரரு. படம் ஓடட்டும், மருமக வாரப்ப சத்தத்த அமுக்குங்கன்னுட்டாரு.

தொரை முன்னுக்குக் கதிரையில இருந்தாரு. திரையில மருமக வாய் அசையுது, சத்தமில்ல. மருமகளோட நிரை புடிச்சுக் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்களுக்குத்தான் போன்ல பாத்துப் பாத்து மனப்பாடமாச்சே. பின்னாலருந்து ஒருத்தி ஆரம்பிச்சா. அப்பறம் எல்லாரும், வாய் அசையிறதுக்குச் சரியா. தொரைக்குத் தமிழ் அரைகுறை. என்ன சொல்றாங்கன்னு தலைவரத்தான் கேட்டாரு. தலைவரே சிங்களத்துல கக்கூசுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

பாக்குறேன்னாரு தொரை. ஒரு மழைக்காலமும் போயிருச்சு, பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. மருமக இன்னமும் காலையில தண்ணி குடிக்காமத்தான் மலைக்குப் போகுது.

இப்ப இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்துலயும் அதப் போடப் போறாங்களாம். அங்கயும் ஒரு கமிட்டி இருக்கும். அவ்வளவு தூரம் போக எனக்கு ஏலாது. அந்தப் பக்கம் போறவங்க யாராச்சும், மிஷின்கிட்ட நிக்கிறவருகிட்ட சொல்லிருங்க. அந்தப் புள்ள பேசுறப்ப சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டும்.