சரஸ்வதி பூஜையில் எங்கள் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது நான் மலேசியாவில், ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்ட ஆபீசுக்குப் புதிது வாங்கியதும், பழையதை அங்கே கணக்கு எழுதும் கிராணி எனக்குக் கொடுத்தார். லாரியில் என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டே கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், "புது டிவியாண்ணே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்கே தெரியாது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என் மகள் பள்ளிப் படிப்பின் கடைசியான ஆறாம் படிவம் வரை வந்துவிட்டாள். கோலாலம்பூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படிக்க எழுதிப் போட்டிருந்தாள். அந்தக் காலேஜ்காரர்கள் எல்லாவற்றையும் வெப்சைட்டில்தான் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு பாஸ்வேர்ட், ஈமெயிலுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று. பிள்ளை எதை எங்கே போட்டோம் என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

பிறகு ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியில் ஒரு புரோகிராம் கண்டுபிடித்தாள். எல்லாப் பாஸ்வேர்டையும் அதுவே பூட்டி வைத்துக்கொள்ளுமாம். தேவைப்படும்போது தானாகவே நிரப்பிவிடுமாம். அதைத் திறக்கும் ஒரு சொல்லை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சா, அத எவனாவது தெறந்துட்டான்னா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்பா அந்த ஒன்னு யாருக்கும் தெரியாததா இருக்கணும். நீங்களே ஒன்னு சொல்லுங்க."

நான் விடியற்காலையில் லாரியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் முருகப்பெருமானை ஒரு மாதிரி கூப்பிடுவேன். அந்த முழுப் பெயரையும் சொன்னேன். ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டே போனவள், "என்னாப்பா இவ்ளோ நீளம்!" என்றாள்.

"சாமி பேர யாராவது சுருக்குவாங்களா?"

திரையில் எழுத்து விழவில்லை, வெறும் நட்சத்திரங்கள்தான் விழுந்தன. அது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மனசுக்குள் சொல்லும் பெயர் மற்றவர் கண்ணுக்கு எதற்குத் தெரிய வேண்டும்?

காலேஜ் வெப்சைட்டுக்கு அந்தப் புரோகிராமே ஒரு பாஸ்வேர்ட் செய்தது. கோழி ஏறி நடந்த மாதிரி பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், கேள்விக்குறி எல்லாம் கலந்து கிடந்தது. இதை யார் ஞாபகம் வைப்பது என்றேன். "யாரும் வேணாம்பா. அதுவே வச்சிக்கும்" என்றாள். எழுதியும் வைக்கவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று தோட்ட ஆபீசுக்குக் காலேஜ் கடிதம் வந்தது. நான்தான் கொண்டு வந்தேன். இடம் கிடைத்துவிட்டது, காலேஜ் ஃபீஸிலும் பாதி கட்ட வேண்டாம். ஆனால் மறுநாள் வியாழக்கிழமை மூன்று மணிக்குள் வெப்சைட்டில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். தவறினால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்தச் சலுகை இல்லாமல் என் லாரிச் சம்பளத்தில் அவளை அங்கே அனுப்பவே முடியாது.

கடிதத்தைப் படித்ததும் துள்ளிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் ஓடினாள். அதற்கு ஏற்கனவே மாலை போட்டாகிவிட்டது. புத்தகங்கள், என் மனைவியின் தையல் மெஷின், நடுவில் கம்ப்யூட்டர். என் மனைவி கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்திருந்தாள். படிப்புக்கானதாயிற்றே, எதையும் விடக்கூடாது என்று நான்தான் சொன்னேன். கை நிறைய அட்சதையும் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் சரஸ்வதி முன்னால் வைத்ததை மறுநாள் பூஜை முடியும் வரை யாரும் தொட மாட்டோம்.

"அப்பா, ஒரே ஒரு தடவை லா. சாமி கோச்சிக்காது."

"சாமி கோச்சிக்காது. நான் கோச்சிப்பேன். நாளைக்கு விஜயதசமி. படிப்பத் தொடங்க அதவிட நல்ல நாளு ஏது?"

மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போய், மத்தியானம் ஓடி வந்து குளித்து, பூஜை போட்டு, தீபம் காட்டி எடுத்தபோது ஒரு மணி ஆகிவிட்டது. ஒன்றரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மகள் குங்குமத்தைத் துடைத்துவிட்டு முருகன் பெயரைத் தட்டினாள். புரோகிராம் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். தப்பு என்றது. பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். அதற்கும் தப்பு என்றது.

"அப்பா, நீங்க பேர சரியாத்தான சொன்னீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து சொல்றேன். எனக்கா மறக்கும்?"

"நேத்து தொறந்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல," என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

காலேஜுக்குப் போன் போட்டோம். புது பாஸ்வேர்ட் வேண்டுமானால் அடையாள அட்டை ஐசியோடு நேரில் வர வேண்டும் என்று ஒரு பெண் அன்பாகவே சொன்னாள். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் மூன்று மணி தாண்டிவிடும். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாமி மேடையைப் பார்த்தேன். உன் பெயரைச் சொன்னால் உனக்கே தெரியவில்லையா என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

திடீரென்று அவள் ஒரு வெறும் பக்கத்தைத் திறந்தாள். அங்கே நட்சத்திரம் கிடையாது, தட்டினால் எழுத்தே விழும். முருகன் பெயரைத் தட்டினாள். பல்லு விழுந்த மாதிரி நடுவில் ஓட்டையாக வந்தது.

"அப்பா! ஒரு எழுத்து விழவே இல்ல!"

எந்த எழுத்து என்று இங்கே எழுத மாட்டேன். அந்தப் பாஸ்வேர்டை நாங்கள் இன்னும் மாற்றவில்லை.

என் மனைவி கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். மகள் அந்த எழுத்துக் கட்டையை நெம்பி எடுத்தாள். அடியில், காய்ந்த சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் தடவிய ஒரு அரிசி.

"ஆசீர்வாதம் உள்ள போயி மாட்டிக்கிச்சுப்பா!" அழுத கண்ணோடேயே சிரித்தாள். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதீங்க, அது பூஜை அரிசி," என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அரிசியை எடுத்ததும் புரோகிராம் முதல் தடவையிலேயே திறந்தது. போன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி, வெப்சைட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை. அந்தக் கோழி நடந்த பாஸ்வேர்ட் தானாகவே போய் உட்கார்ந்தது, நட்சத்திரம் நட்சத்திரமாக. மகள் பெயர் வந்தது. கீழே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சம்மதம்.

அவள் அழுத்தாமல் திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ராகு காலம் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அது முடிவதும் மூன்று மணிக்கு, காலேஜ் மூடுவதும் மூன்று மணிக்கு. ராகு காலத்தில் நான் எதையும் தொடங்கியதில்லை. புது லாரி கொடுத்த அன்று ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்து, வேலையை மேய்க்கும் மண்டோரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியும். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். அதுதான் என்னை என்னவோ செய்தது.

"அழுத்தும்மா," என்றேன்.

"அப்பா, ராகு காலம்."

"தெரியுது. முருகன் பேரச் சொல்லித்தான தொறந்த? தொறந்து விட்டவர வாசல்ல நிக்க வச்சிட்டு நேரம் பாக்கச் சொல்றியா? அழுத்து."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் அழுத்தினாள். திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து நின்றது. பிறகு பக்கம் மாறியது. அவள் வாய்க்குள் படித்தாள். ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், பக்கத்து வீட்டு அக்கா கையில் விளக்கமாற்றோடு ஓடி வந்துவிட்டார்.

"எங்க? பாம்பு எங்க?"

"பாம்பு இல்லக்கா," என்றாள் என் மனைவி, அழுதுகொண்டே. "காலேஜு!"