பதினொரு வீட்டுக் கைப்பிடி அரிசி

உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவது எங்கள் சபைப் பெண்களின் பழக்கம். அந்த ஒரு பிடி ஏழைக்கு. போடும்போது ஒரு சின்ன ஜெபமும் உண்டு: பசித்திருப்பவரை நினைத்தருளும் ஆண்டவரே. அவ்வளவுதான், இரண்டு வினாடி வேலை. ஆனால் அந்த இரண்டு வினாடிக்குள் எவ்வளவு சாமர்த்தியம் காட்டலாம் என்பது எனக்குத் தெரியும். விரல்களைச் சற்று அகட்டிப் பிடித்தால் பிடி பெரிதாகத் தெரியும். டின்னுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அரிசி விரலிடுக்கு வழியாகப் பாத்திரத்துக்கே திரும்பிவிடும். விலை ஏறுகிற மாதங்களில் என் விரல்கள் தாமாகவே அகலும்.

"உன் கைக்கு என்ன ஆச்சு? மாசா மாசம் சின்னதாயிட்டு வருது" என்பார் என் கணவர். ஆலுவாவில் டயர் கடையில் வேலை. காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்காக அடுக்களை வாசலில் காத்து நிற்கிறவருக்கு என் பக்தியை அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுடையது சின்னத் தமிழ்ச் சபை. பெண்கள் ஐக்கியத்தில் பதினொரு வீடு. பாதிப் பேர் என்னைப் போல இங்கேயே பிறந்து, தமிழ் ஜெபத்தை மலையாள ராகத்தில் இழுப்பவர்கள். மீதிப் பேர் தென்காசி, நாகர்கோவில் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஒன்பது வருடமாக நான்தான் செயலாளர். அது எனக்கு வந்த அழைப்பு என்று நான் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் அந்த வேலையைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பதினொரு டின்னையும் ஒரே சாக்கில் கொட்டுவோம். சிவப்பும் வெள்ளையும், குண்டும் ஒல்லியுமாக அரிசி விழுகிற அழகைப் பார்த்து ஒருமுறை நானே உருகிப்போய் ஜெபித்துவிட்டேன். பல விதமான மணிகளை ஒரே மூட்டையாக்கினவரே, எங்களையும் இப்படியே ஒன்றாக்கும் என்று. எல்லோரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அடுத்த வாரப் பிரசங்கத்தில் போதகரும் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாக்கு போவது ஒரே வீட்டுக்கு. தேனிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறவள். கணவர் கொத்தனார். இடப்பள்ளியில் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போய், இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடக்கிறார். அவள் இங்கே ஒரு சுக்குக் குடோனில் சுக்கைத் தரம் பிரிக்கிறாள். அந்தக் கூலி வாடகைக்கும் மருந்துக்கும் போய்விடும். அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது எங்கள் சாக்கை நம்பித்தான்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்கின முதல் வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிந்து சாயா வருவதற்குள் எங்கள் தலைவி வாயைத் திறந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை; அவர் ஒன்றைக் கண்டேன் என்றால் கண்டதுதான்.

"நம்ம கைப்பிடி அரிசியை அவ கோழிக்கு இட்டுக் குடுக்கிறா. நான் என் கண்ணால கண்டதாக்கும்."

கூடம் கொதித்தது. உபவாசமிருந்து, வயிற்றைக் கட்டி, ஒவ்வொரு பிடியாகச் சேர்த்தது கோழிக்கா? (வயிற்றைக் கட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லை, என் விரல்கள் சங்கதி எனக்குத் தெரியும்.) பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். செயலாளர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். உண்மையென்றால் அடுத்த மாதத்திலிருந்து சாக்கை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். எனக்கும் நல்ல கோபம். அவளுக்குச் சொல்வதற்கு வேதத்திலிருந்து காரமான வசனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் போனேன். குடோன்களுக்குப் பின்னால், ஒரே அறையுள்ள வீடு. அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பெரிய தாம்பாளம். அதில் எங்கள் அரிசி. கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசியை ஒரு பக்கம், பொன்னியை ஒரு பக்கம், குண்டு இட்லி அரிசியை ஒரு பக்கம், யாரோ ஆப்பத்துக்கு வாங்கின பச்சரிசியை ஒரு பக்கம் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாம்பாளத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். திருடினவள் போல முகம் வெளிறிவிட்டது.

கட்டிலில் கிடந்த மனிதர்தான் பேசினார். "வாங்கக்கா. பகல் பூரா சுக்குப் பொறுக்குறா, வந்ததும் அரிசி பொறுக்குறா. நான் ஒருத்தன்தான் சும்மா கெடக்கேன்."

அவள் அவரை ஒரு முறை முறைத்துவிட்டு என்னிடம், "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்க்கா" என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. காலையில் பிரிக்க நேரமில்லாமல் அப்படியே பொங்கின சோறு இருந்தது. தட்டில் போட்டு, மேலே புளிக்குழம்பை ஊற்றினாள்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. பச்சரிசி குழைந்து கூழாகியிருந்தது. பொன்னி வெந்திருந்தது. மட்ட அரிசி அரைவேக்காட்டில் பல்லுக்கடியில் நறநறத்தது. முப்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவள் நான். மட்ட அரிசிக்கு முக்கால் மணி நேரமாவது வேண்டும், பச்சரிசிக்குக் கால் மணி நேரம் போதும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டில் இரண்டையும் ஒரே பானையில் போட்டால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அதைத்தான் பதினொரு பெண்கள், பதினொரு பேரும் சமைக்கத் தெரிந்தவர்கள், மாதாமாதம் ஜெபத்தோடு ஒரே சாக்கில் கொட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்து நான் உருகியும் இருக்கிறேன்.

விழுங்கினேன். விருந்தாளி துப்ப முடியாது.

"கோழி?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பக்கத்து வீட்டுச் சேச்சியோட கோழிங்கக்கா. பொறுக்க நேரமில்லாத அன்னிக்கு, வெந்தது மட்டும் இவருக்குப் பாத்து எடுத்துக் குடுப்பேன். வேகாதது இவருக்கு ஆகாது, வயிறு கட்டிக்கும். முடிஞ்ச வரைக்கும் நான் திம்பேன். முடியாததக் கோழிக்குப் போடுவேன். அந்தச் சேச்சி வாரத்துக்கு ரெண்டு முட்ட குடுக்கும். அது இவருக்கு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்ச அரிசிய எப்பிடிக்கா குத்தம் சொல்றது?" என்றாள். பிறகு, மெல்ல: "சொன்னா நிறுத்திருவீங்களோன்னு பயம்."

நிறுத்தத்தான் வந்திருந்தேன். தேர்ந்தெடுத்து வைத்திருந்த வசனம் தொண்டையில் மட்ட அரிசி போல நின்றது. தட்டில் இருந்ததை முழுவதும் தின்று முடித்தேன். வெட்கமாக இருந்தது, வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐக்கியத்தில் கண்டதைச் சொன்னேன். எல்லோரும் தலைகுனிந்து கண்ணீர் விடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு சண்டை தொடங்கியது. இனி ஒரே அரிசி என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்த அரிசி என்பதில்தான் தகராறு. தலைவி வீட்டில் மூன்று தலைமுறையாக மட்ட அரிசி, அதுதான் உடம்புக்கு நல்லது. தென்காசிக்காரர்களுக்கு மட்ட அரிசி மாட்டுக்கு வைப்பது. ஒருத்தி ரேஷன் அரிசியே போதாதா என்றாள். அவளை எல்லோருமாகச் சேர்ந்து பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். சாயா ஆறி ஏடு படிந்தது. அவரவர் வீட்டு அரிசிதான் பரலோகத்து அரிசி என்று ஆளுக்கு ஆள் நிரூபித்தார்கள்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "அவகிட்டயே கேட்டா என்ன?" என்று கத்திவிட்டேன்.

இரண்டு வருடமாக அவளுடைய தேவை என்னவென்று ஆண்டவரிடம் எவ்வளவு உருக்கமாக விசாரித்திருக்கிறோம். கடைசி பெஞ்ச் அவ்வளவு தூரமில்லை. அங்கே போய் யாரும் கேட்டதில்லை. செயலாளரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டுக்கு முன்பே நானும் தலைவியும் வாசலில் போய் நின்றுகொண்டோம். எங்களைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே கோழிக்குப் போடலக்கா" என்றாள், நாங்கள் வாயைத் திறப்பதற்குள். அதைக் கேட்டுத் தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என்ன அரிசி வேண்டும் என்று கேட்டோம். எதுவானாலும் சரி என்றாள். மூன்று தரம் கேட்ட பிறகு, "ஒரே அரிசியா இருந்தாப் போதும். பொன்னின்னா சீக்கிரம் வேகும், கேஸும் மிச்சம்" என்றாள். தலைவியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. மூன்று தலைமுறை மட்ட அரிசி அல்லவா.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. கைப்பிடி அரிசி என்றால் அன்று நம் வீட்டு உலைக்குப் போகிற அரிசியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். கடையில் தனியாக வாங்கிக் கொடுத்தால் அது வெறும் தருமம், கைப்பிடி ஆகாது என்றார் தலைவி. வறட்டுப் பிடிவாதம் என்று நினைத்தேன். ஆனால் அவரே அடுத்த வாக்கியத்தில் என்னை மடக்கினார்: "அதுகொண்டு, ஈஸ்டர் வரைக்கும் நம்ம எல்லாரு வீட்டுலயும் பொன்னி மட்டும் வைக்கணும். அதாக்கும் இந்த வருஷத்து நோன்பு."

நோன்புக்கு மீனையும் இறைச்சியையும் சிரித்த முகமாக விட்ட வீடுகள், மட்ட அரிசியை விடச் சொன்னதும் திண்டாடிப் போயின. எங்கள் வீட்டுக்காரர் மூன்றாம் நாளே தட்டைத் தள்ளி வைத்தார். "இது சோறா, பேப்பரா? ஆண்டவருக்காக நான் மீனை விட்டேன். அவருக்கு அதுவும் போதலையா?" என்றார். எனக்கும் வயிறு நிறையவில்லை. இரண்டு மணிக்கே பசித்தது. வைட்டிலாவிலிருந்து ஜெபத்துக்கு வருகிற ஒருத்தி, பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் போய் மட்டச் சோறு தின்றுவிட்டு வருகிறார்கள் என்று ஐக்கியத்தின் கைபேசிக் குழுவில் குரல் பதிவு போட்டு அழுதாள். தலைவி மட்டும் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனபோது குக்கர் ஏழாவது விசில் அடித்தது. பொன்னிக்கு மூன்று போதும். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, சாக்கில் விழுந்தது முழுவதும் வெள்ளை, முழுவதும் ஒல்லி. பார்க்க ஒரு அழகும் இல்லை. யாரும் உருகவில்லை. சாக்கை நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் போனேன். பதினொரு வீடு பட்ட பாட்டை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன்.

அவள் சாக்கை வாங்கிக் கீழே வைத்தாள். கட்டை அவிழ்த்தாள். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் விரித்து, குடோனில் சரக்குப் பார்ப்பது போல ஊதிப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் நாங்கள் கொடுத்ததை அவள் என் முன்னால் பிரித்துப் பார்த்ததே இல்லை.

"அக்கா, இதுல கல்லு கெடக்கு" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு செய்தும் குறையா? என் புருஷன் ஒரு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, உனக்குக் கல்லா? வாயில் அவ்வளவும் வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், அவள் தலைகுனியவில்லை. அரிசியை நீட்டிக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்து நின்றாள். கடையில் கல்லுள்ள அரிசியைத் தந்தால் நான் கடைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்பேன்.

சாக்கைத் திரும்ப எடுக்கக் குனிந்தேன். அன்றைக்கு வேண்டியதை மட்டும் அவள் அளந்து எடுத்துக்கொண்டாள். மீதியைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் வரை நானும் கணவரும் உட்கார்ந்து கல் பொறுக்கினோம். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கினாள்.