சின்னம்மாவின் பாட்டைக் கழுவிய கதை

தைப்பொங்கல் அன்று மாலை ஐந்து பத்துக்கு, ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் வெளியில் நான் முதலில் கண்டது என்னுடைய பள்ளிக்கூடக் காலுறையை. மேடைக்கு முன்னால் நட்டிருந்த தடியின் உச்சியில், ஒலிப்பதிவுக் கருவியின் தலைக்கு அது மாட்டப்பட்டிருந்தது. காற்று இரையாமல் இருக்க அப்படிச் செய்ததாக ஒலிபெருக்கி கட்டுபவர் சொன்னார். ஊருக்கு அவர் சவுண்ட்ஸ்காரர். நாலாம் வகுப்புக்காரியான எனக்குச் சவுண்ட்ஸ் அண்ணா. கொடியில் காய்ந்த காலுறை அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற சின்னம்மா, "நான்தான் குடுத்தனான். பேசாமல் இரு" என்றார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்தவர். அன்று அவர் பாடப்போவதைப் பதிவு செய்து வவுனியாவில் இசைக்குழு நடத்தும் ஒருவருக்கு அனுப்பவேண்டும். அந்தக் குழுவில் பாடிய பெண் கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டதால் ஓர் இடம் இருந்தது. தை முடிவதற்குள் பதிவு கிடைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் மாசியிலிருந்து சின்னம்மா விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறவேண்டும் என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார்.

பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாம் சரணத்தில் வயல் பக்கமிருந்து, யானையைக் கலைக்கப் போடும் யானை வெடி ஒன்று வெடித்தது. கதிர் முற்றும் காலம்; காவலுக்கு நின்றவர் அப்பா. கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த சனம் ஒருமுறை திடுக்கிட்டு மறுபடி கொறித்தது. சின்னம்மா நிறுத்தாமல் பாடினார்.

மறுநாள் பின்னேரம் சவுண்ட்ஸ் அண்ணா மடிக்கணினியுடன் தன் ஓட்டோவில் எங்கள் வீட்டுப் படலை வாசலுக்கு வந்தார். ஓட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் அடித்தொனியை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கர், பேஸ் பெட்டி, இருந்தது. பதிவைப் போட்டார். ஜெனரேட்டர் உறுமியது, சில்வண்டு கத்தியது, யாரோ "தம்பி, எழும்பு, மறைக்குது" என்றார்கள். இவ்வளவுக்கும் நடுவே சின்னம்மா பாடினார். திரையில் மேலும் கீழும் இழுக்கக்கூடிய பத்துக் கட்டைகள் வரிசையாக நின்றன. இடப்பக்கத்தை இறக்கினால் உறுமல் அடங்கும், வலப்பக்கத்தை இறக்கினால் கீச்சுச் சத்தம் குறையும், குரல் பெரும்பாலும் நடுவில் இருக்கிறது என்று விளக்கினார். அதற்கு ஈக்குவலைசர் என்று பெயர். பேஸ் பெட்டியில் கேட்டுக் கேட்டு இடப்பக்கத்தை அடிவரை இறக்கினார். ஓட்டோவுக்குள் பாட்டு அவ்வளவு தெளிவாக இருந்தது.

அதையே சின்னம்மா தன் கைபேசியில் போட்டுக் கேட்டார்.

"இது நானோ? நுளம்புக்குத் தடிமன் வந்து மூக்கடைச்ச மாதிரிக் கிடக்கு."

சவுண்ட்ஸ் அண்ணாவின் முகம் சுருங்கிவிட்டது. பேஸ் பெட்டி உறுமலைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. அதை நம்பி அவர் குரலின் கனத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறார். "என்ரை பிழைதான். எல்லா ஸ்பீக்கரிலையும் போட்டுப் பாத்துத்தான் வெட்டவேணும்" என்றார்.

ஆகவே சின்னம்மாவின் பாட்டைக் கேட்க நாங்கள் ஊர் சுற்றினோம். ஒருநாள் தேநீர்க் கடை ரேடியோவில், ஒருநாள் மாங்குளம் சந்திக் கைபேசிக் கடையில், ஒருநாள் யாரோ ஒருவருடைய உழவு மெசினில் பூட்டியிருந்த ஸ்பீக்கரில். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லித்தான் அம்மா விட்டார். போன இடமெல்லாம் எனக்கு ஐஸ்பழம் கிடைத்தது.

"ஒரு பாட்டைக் கழுவ இவ்வளவு நாளோ? கோயில் கிடாரம் முழுக்கக் கழுவி முடிச்சிருக்கலாம்" என்றார் அம்மா.

வெடிச் சத்தம் மட்டும் போகவில்லை. "அது பத்துக் கட்டையிலையும் நிக்குது, அண்ணை. அதை எடுத்தால் பாட்டும் போயிடும்" என்று சவுண்ட்ஸ் அண்ணா அப்பாவிடம் முறையிட்டார். அப்பாவுக்கு அதில் மகிழ்ச்சி. "என்ரை வெடியெல்லோ!"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள், கட்டைகள் ஏறி இறங்கி, முன்பு நின்ற இடங்களிலேயே வந்து நிற்பதைக் கண்டேன்.

"அண்ணா, முந்தநாளும் இப்பிடித்தானே இருந்தது?"

"காது களைச்சால் அப்பிடித்தான் தெரியும், பிள்ளை."

சின்னம்மா வெளியே பார்த்தபடி சிரித்தார். காது களைக்கும் என்ற செய்தியை நான் மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன்.

தை முடியப்போகிறது என்று அம்மா சத்தம் போட்ட பிறகுதான் பதிவு வவுனியாவுக்குப் போனது. அடுத்த நாள் இசைக்குழுக்காரர் அழைத்தார். சின்னம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைச் சட்டையில் துடைத்தார்.

"தங்கச்சி, அந்த வெடி விழுந்த இடத்திலை சுருதி ஒரு துளி அசையேல்லை. வெளி மேடையளுக்கு அப்பிடி ஒராள்தான் வேணும். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. வெடிக்குத் திடுக்கிடாமல் பாட எங்கை பழகினனீங்கள்?"

"அது சண்டைக் காலத்திலை பழகிட்டுது" என்று மட்டும் சொன்னார் சின்னம்மா.

அம்மா அடுப்பைப் பார்ப்பதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஏன் போனார் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா உடனே தன் வெடிக்குப் பங்கு கேட்டார். சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பதிவின் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் மறுநாள் பின்னேரமும் ஓட்டோ வந்தது. வலப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் திருத்தவேண்டும் என்றார் சவுண்ட்ஸ் அண்ணா. சின்னம்மா தலை வாரி முடித்திருந்தார். இனி இதை யாருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்குப் படிக்க ஒண்டும் இல்லையோ?" என்றார் அம்மா.

அந்த ஆவணியில் எங்கள் வளவில் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்ட மாங்குளத்திலிருந்து வேறு ஆளைப் பிடிக்கவேண்டியிருந்தது. எங்கள் ஊர்ச் சவுண்ட்ஸ்காரர் மணவறையில், சின்னம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.